மாணவர் நேரம் சங்கத்தின் சொத்தல்ல

(தாராவியில் நடைபெற்ற நம் சங்க மாணவர் பிரிவின் ஆண்டுக் கூட்டத்தில் மாலை வகுப்புப் பொறுப்பாளர் ஆற்றிய உரை. இடம் கருதிச் சில பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'படிப்பும் தொண்டும்'. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக மாணவர்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். விடியற்காலையில் எழுந்திரு, கால அட்டவணை போட்டுக்கொள், செல்போனைத் தூர வை, படிப்பு ஒரு கண், தொண்டு மறு கண் என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் இன்றைக்குப் பின்வரிசையைப் பார்த்து அதிகம் பேசப்போவதில்லை. முன்வரிசையில் இருக்கும் அண்ணாச்சிமாரைப் பார்த்துப் பேசப்போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் சங்கத்தில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் செயற்குழுவின் ஆண்டறிக்கையில் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. 'மாணவர்களின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது? மாலை வகுப்பு எடுப்பது அவர்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதுவது அவர்கள். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டுமா, ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமா, மராத்தியில் வந்த நோட்டீசைப் படித்துச் சொல்ல வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர்கள்தான்.

சாதிச் சான்றிதழ் விவகாரம் உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்திருக்கலாம். ஆனாலும் மகாராஷ்டிர அரசின் தாழ்த்தப்பட்டோர் சலுகை வேண்டுமென்றால், 1950 ஆகஸ்டு 10-க்கு முன்னால் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். தோல் கிடங்கில் வேலை பார்த்த பாட்டனாருக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? அந்தக் காகிதத்தைத் தேடிப் பழைய பள்ளிக்கூடப் பதிவேடு வரைக்கும் போய் நிற்பது பதினேழு வயதுப் பிள்ளைகள். 2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு தொடங்கியபோது, 2000 ஜனவரி 1-க்கு முன்னால் குடியிருந்ததற்கு எந்தத் தாள் செல்லும், எது செல்லாது என்று வீடு வீடாக விளக்கியதும் அவர்கள்தான். 2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம். அரிசிப் பை தூக்கியவர்கள் யார்? கல்லூரிப் பையன்கள்.

ஆகவே, மாணவர்களுக்குத் தொண்டு எதற்கு, படித்துவிட்டுப் போகட்டும் என்று சொல்கிற கட்சி அல்ல நான். அப்படிச் சொன்னால் நாளைக்கே மாலை வகுப்பை மூட வேண்டியதுதான். இந்த ஊரில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் படிப்பு எங்கே அறுந்துபோகிறது என்று பாருங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. பெருமைதான். ஆனால் தமிழ் வழியில் ஏழோ எட்டோ முடித்த பிள்ளை, அதற்கு மேலே போகும்போது பெரும்பாலும் ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ மாற வேண்டியிருக்கிறது. நேற்று வரை 'பின்னம்' என்று படித்ததை இன்றைக்கு வேறு பெயரில் படிக்க வேண்டும். வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளை, ஒரே மாதத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளையிடம் போய், 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, மூன்று மாதத்தில் சரியாகிவிடும், பயப்படாதே' என்று சொல்லக்கூடியவர் யார்? நானும் நீங்களும் சொன்னால் நம்பாது. நான்கு வருடத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்து அழுத அக்கா சொன்னால் நம்பும். இந்த வேலைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாது. மாணவர்தான் வேண்டும்.

வேண்டும் என்பதாலேயே அளவும் வேண்டும் என்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்று இருப்பது பெற்றோருக்கும் தெரியும். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. அமைச்சர் வருகிற அன்றைக்கு மட்டும் துடைப்பம் பிடிப்பதையெல்லாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதில் ஒன்று உருப்படியாக இருக்கிறது: ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேர்வுக் காலம், பண்டிகை, மழை எல்லாம் போக ஆண்டுக்கு நாற்பது வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான்.

இப்போது நம் கணக்கு. மாலை வகுப்பு வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை. பத்து மணி நேரம் ஆயிற்று. ஞாயிறு காலை விண்ணப்பம் எழுதும் வேலை மூன்று மணி நேரம். மொத்தம் பதின்மூன்று. அதே நாற்பது வாரத்துக்கு 520 மணி நேரம். அரசாங்கம் கேட்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேலே நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். இதில் பொங்கல் விழா ஒத்திகை சேரவில்லை. இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'தம்பி, நாளைக்குக் காலையில் அந்த பாரத்தைக் கொஞ்சம் பார்த்துரு' என்று வருகிற செய்திகள் சேரவில்லை. அரசாங்கத்தைத் திட்டுவதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. திட்டுகிற வாயால் இந்தக் கணக்கையும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம்.

பதின்மூன்று மணி நேரம் யாருடைய நாளிலிருந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாடியில் தனி அறை உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பதின்மூன்று மணி நேரம் ஒன்றும் பெரிதில்லை. நம் தெருவில் ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். வீட்டில் இட்லி வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும். அப்பா ஆறு மணிக்குள் அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். அதற்குப் பிறகு குழாயில் தண்ணீர். பிறகு தம்பியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஜூனியர் காலேஜ். மாலையில் வந்தால் மறுநாளைக்கு அரிசி, உளுந்து ஊறப்போட வேண்டும். ஏழு மணிக்குச் சங்கம். ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போனால் பாத்திரம். அவள் எப்போது படித்தாள்? அந்தப் பெண் நம்மிடம் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்ல மாட்டாள். பெண் பிள்ளைகளுக்கு 'முடியாது' என்ற சொல்லை நாம் கற்றுக்கொடுக்கவில்லையே!

அவளுக்குப் பதினோராம் வகுப்பில் மதிப்பெண் இறங்கியது. ஆண் பிள்ளைக்கு மதிப்பெண் இறங்கினால் டியூஷன் தேடுவோம். பெண் பிள்ளைக்கு இறங்கினால் என்ன நடக்கும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'சங்கமும் வேண்டாம், கிங்கமும் வேண்டாம், ஊருக்குக் கூட்டிட்டுப் போய் முடிச்சு வச்சிரலாம்' என்று வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. அவளுடைய சித்தி வந்து சண்டை போட்டு நிறுத்தினார். சித்தி இல்லாத வீடுகள் எத்தனை? ஒரு மதிப்பெண் பட்டியலைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணின் வாழ்க்கையையே முடிவு செய்கிற வீடுகள் நம்மிடையே இருக்கும்போது, அந்த மதிப்பெண்ணைக் காப்பாற்றுவது பெண் விடுதலை வேலையா, இல்லையா? மேடையில் பெண்ணுரிமை பேசுகிறோம். அதற்கு முன்னால் அவளை எட்டரை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவோம்.

அடுத்து நாட்காட்டி. இதை அரசியல் பேசுகிற தோழர்கள் கவனிக்க வேண்டும். 2012-லும் 2017-லும் இந்த மாநகராட்சித் தேர்தல் பிப்ரவரியில் நடந்தது. 2017-ல் வாக்குப்பதிவு பிப்ரவரி 21. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அதே மாதம் 28-ஆம் தேதி தொடங்கியது. இடையில் ஒரு வாரம். வாக்குச் சீட்டு எழுதியது யார், வீடு வீடாகக் கொடுத்தது யார், வாக்குச்சாவடிக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்தது யார்? எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. எல்லாக் கட்சி மேசையிலும் நம் பையன்கள்தான் இருந்தார்கள். வாக்களிக்கும் வயது 1989-லிருந்து பதினெட்டு. அந்த மேசைகளில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வயதுகூட ஆகவில்லை! ஓட்டுப் போட வயது இல்லாதவன், மற்றவர் ஓட்டுக்காகத் தன் தேர்வை விட்டான். வென்றவர் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார். தோற்ற பையனை யாரும் எண்ணவில்லை.

இப்போது தேர்வு இன்னும் முன்னால் வந்துவிட்டது. 2025-ல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிப்ரவரி 11-லும் பத்தாம் வகுப்புக்குப் பிப்ரவரி 21-லும் தொடங்கிவிட்டார்கள். நம் பொங்கல் விழா ஜனவரி நடுவில் வருகிறது. ஒத்திகை டிசம்பரில் தொடங்குகிறது. கோலம், கயிறு இழுத்தல், நாடகம், பரிசளிப்பு எல்லாம் வேண்டியதுதான். அந்நிய ஊரில் பொங்கல்தான் நம்மை ஒன்று சேர்க்கிறது. ஆனால் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஆண்டு விழாவில் ஒரே ஒரு வேலைதான் இருக்க வேண்டும்: வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போவது. நாடகத்தில் ராஜா வேடத்துக்கு ஆள் இல்லையென்றால் பொருளாளர் அண்ணாச்சி போடட்டும். மீசை ஏற்கனவே இருக்கிறது. (சிரிப்பு.)

அண்ணல் அம்பேத்கர் படம் இந்த அறையில் மாட்டியிருக்கிறது. அவர் சிறு வயதில் இந்த ஊரில்தான், பரேல் பகுதியில், ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்தார். எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்து 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். இதைச் சொல்லி, 'ஒற்றை அறையில் இருந்தும் அவர் படிக்கவில்லையா, உனக்கு என்ன கேடு?' என்று பிள்ளைகளை மிரட்டுவது நம் வழக்கம். கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடம் இல்லை. மகனை முதலில் தூங்கச் சொல்லிவிட்டு, அப்பா ராம்ஜி விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தாம் படுப்பார். ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், வயதானவர், தம் தூக்கத்தைப் பங்கு வைத்தார். அந்தப் படத்துக்கு மாலை போடுகிற நாம் எந்தத் தூக்கத்தைப் பங்கு வைத்தோம்?

'மாணவர்களை நிறுத்தினால் வேலையை யார் செய்வது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக 1990 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டது அப்போதுதான். இங்கே உள்ள பாட்டிமார் சிலருடைய கையெழுத்து அந்த இயக்கம் கொடுத்த கையெழுத்து. அங்கே என்ன செய்தார்கள்? பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்று பிரித்தார்கள். பத்து நல்ல பிள்ளைகளைப் பிடித்து அவர்கள் தலையில் மாவட்டத்தைக் கட்டவில்லை; பல்லாயிரம் பேரைச் சேர்த்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். நம்மிடம் மாணவத் தொண்டர்கள் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரையே ஆறு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் ஏழாம் வருடம் யாரும் வரமாட்டார்கள். வேண்டியது இன்னும் முப்பது பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம்.

மாணவர்தான் செய்ய வேண்டிய வேலை எது, மாணவர் செய்வதால் நமக்குச் சௌகரியமாக இருக்கிற வேலை எது என்று பிரித்துப் பாருங்கள். பாடம் சொல்லிக்கொடுப்பது முதல் வகை. இணையத்தில் விண்ணப்பம் ஏற்றுவதும் ஓரளவு அப்படித்தான். நாற்காலி போடுவது, சந்தா வசூலிப்பது, வார்டு ஆபீஸ் வரிசையில் நிற்பது, பேனர் கட்டுவது, தேநீர் வாங்கி வருவது? ரெயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணாச்சிமார் ஆறு பேர் தினமும் சங்க வாசலில் சீட்டு ஆடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வார்டு ஆபீசில் வரிசையில் நின்றபடியும் அரசியல் பேசலாம். இன்னும் நன்றாகப் பேசலாம்.

இப்போது பின்வரிசைக்கு வருகிறேன். தம்பிகளே, தங்கைகளே, உங்களிடமும் இரண்டு வார்த்தை உண்டு. உங்களில் சிலர் சங்கத்துக்கு வருவது வேலை இருப்பதால் அல்ல, வீட்டில் புத்தகம் இருப்பதால். இது எனக்குத் தெரியும். வேதியியல் பாடம் புரியவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மை 'சார்' என்று கூப்பிடுகிறார்கள். அங்கே இருப்பது சுகமாக இருக்கிறது. கூப்பிடாமலே வந்து அலமாரியைத் துடைக்கிறான் ஒருவன். அவனைப் பாராட்டக் கூடாது. உட்காரவைத்து, 'எந்தப் பாடம் வரவில்லை?' என்று கேட்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் நமக்கும் தெளிவாகும் என்பது உண்மை. வகுத்தல் கணக்கை மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தவனுக்கு வகுத்தல் சாகும் வரை மறக்காது. ஆனால் அதனால் அவனுடைய பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு ஒரு பக்கமும் நகர்ந்திருக்காது.

கல்லூரித் தோழர்களுக்கு இன்னொன்று. 75 சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டேன் என்பார்கள். 'சங்க வேலை இருந்தது' என்று நீங்கள் சொல்வதை முதல்வர் கேட்கமாட்டார். கேட்க வேண்டும் என்பதும் இல்லை. வகுப்பு நேரத்தில் உங்களை எந்த வேலைக்கு யார் கூப்பிட்டாலும், நான் கூப்பிட்டாலும் வராதீர்கள். தாராவிக்குத் தீப்பிடித்தால் வாருங்கள். 2020 மாதிரி ஒரு காலம் மறுபடி வந்தால் வாருங்கள். கவுன்சிலர் வருகிறார் என்பது தீ அல்ல.

மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தையல் கடையில், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில், வட்டிக் கடையில் கணக்கெழுதும் வேலையில். அவர்களை நான் தொண்டர் பட்டியலிலேயே சேர்க்க விரும்பவில்லை. அவர்கள் நம் மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்து படிக்கட்டும். ஜோதிராவ் பூலேவும் சாவித்திரிபாயும் 1855-ல் புனேயில் உழைப்பாளிகளுக்காக இரவுப் பள்ளி நடத்தினார்கள். அதன் நோக்கம் வேலை செய்து களைத்தவருக்குப் படிப்பைக் கொடுப்பது. அவரிடமிருந்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்குவதல்ல.

செயற்குழு முன்னால் நான் வைப்பது இவ்வளவுதான். ஒரு மாணவருக்கு வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதப்பட வேண்டும். மூன்றைத் தாண்டினால் செயலாளர் பதில் சொல்ல வேண்டும், மாணவர் அல்ல. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினருக்கு டிசம்பர் முதல் தேதியிலிருந்து தேர்வு முடியும் வரை எந்த வேலையும் கிடையாது. அந்த மாதங்களில் இந்த அறை இரவு பன்னிரண்டு மணி வரை அவர்களுக்குப் படிப்பறையாகத் திறந்திருக்க வேண்டும். மின்கட்டணம் சங்கத்தினுடையது. பெண் பிள்ளைகள் படித்து முடித்துப் போகும்போது பெரியவர் ஒருவர் வீடு வரை கூட வர வேண்டும். ஒவ்வொரு இரவும் ஒரு பெரியவர் இங்கே விழித்திருக்க வேண்டும். பேசாமல் விழித்திருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன்.

தாய்மார்களிடம் ஒரு கோரிக்கை. நாங்கள் மூன்று மணி நேரம் என்று குறைத்துவிட்டு, மீதிப் பத்து மணி நேரத்தை வீட்டில் மாவாட்டுவதற்கு நீங்கள் எடுத்துக்கொண்டால் இந்தத் தீர்மானத்தால் ஒரு பயனும் இல்லை. வறுமை தெரியாமல் பேசவில்லை. வீட்டில் ஒரு பையன் இருந்தால், அவனுக்கும் கை இருக்கிறது.

டிசம்பர் தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. படிப்பறைக்கு இரவுக் காவல் இருக்க முன்வருகிறவர்களுக்காக ஒரு நோட்டை மேசைமேல் வைத்திருக்கிறேன். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம் போட்டிருக்கிறது. திங்கள்கிழமையில் என் பெயரை எழுதிவிட்டேன். மீதி ஆறும் காலியாக இருக்கிறது. பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.